பஞ்சுக் கிட்டங்கியில் எடுத்த குரல்

டோக்கன் எண் முப்பத்தி ஏழு, அறை எண் நான்கு, என்று கூரையிலிருந்து நான் கூப்பிடுகிறேன். கீழே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து நானே அதைக் கேட்டுக்கொண்டும் இருக்கிறேன். மஃப்ளர் சுற்றிய பெரியவர் ஒருவர் எழுந்து, ஒலிபெருக்கியைப் பார்த்து 'இந்தா வர்றேன் தாயி' என்று பதில் சொல்லிவிட்டு, வேட்டியை இறுக்கிக்கொண்டு போகிறார். தாயி இங்கே இருக்கிறேன் ஐயா, மூன்றாவது வரிசையில், நீலச் சேலை. சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், காற்றோடு சேர்ந்து ஒரு கரகரப்பு. இருபது வருடத்துக்கு முன் எனக்கிருந்த குரல் அது, மேலே இருப்பது. இருபத்திரண்டு வயது. எட்டுப் பேர் கூடி அதைப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தோம். எடுத்துக்கொண்டார்கள். இந்த மதுரை ஆஸ்பத்திரிக்கு டோக்கன் மிஷின் விற்றவனும் எடுத்துக்கொண்டிருக்கிறான். அது யார் குரல் என்று அவனுக்கும் தெரியாது, இந்தக் கூடத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறுபது பேருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், என் வீட்டுக்காரர், பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழுகிறார். ஏழு என்று சொல்லும்போது மட்டும் அந்தக் குரலில் சின்னதாக ஒரு முழுங்கல் இருக்கும். முப்பத்தி, ஒரு முழுங்கல், ஏழு. என் டோக்கன் ஐம்பத்தி ஏழு. இன்னும் இருபது பேர். இருபது பேருக்குள் நான் யோசித்து முடிக்க வேண்டும்.

ஃபைலுக்குள் நாலு பக்கத்தில் சம்மதப் படிவம் இருக்கிறது. மூன்று வாரமாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் என் பெயர் அச்சடித்து, பக்கத்தில் ஒரு கட்டம், காலியாக. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துவாரம் வைப்பார்கள், மூச்சு இனிமேல் அந்த வழியாகத்தான், தள்ளிப்போட்டால் சாப்பாடு இறங்காது, அதற்கும் மேலே தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் வாரம் மகளுக்குப் பரீட்சை என்று நோட்டில் எழுதினேன். இரண்டாவது வாரம் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை என்றேன். மூன்றாவது வாரம் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் படிவத்தைக் காணோம் என்றேன், வீட்டுக்காரர் பீரோவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உயிரா குரலா என்று வந்தால் யாரும் யோசிக்க மாட்டார்கள். நானும் பக்கத்து வீட்டுக்காரிக்கு அப்படித்தான் சொல்லியிருப்பேன். மிஷின் வைத்துப் பேசலாம்மா, எவ்வளவோ வந்திருக்கு, என்றார் டாக்டரம்மா. நான் நோட்டில் எழுதிக் காட்டினேன்: 'ம்' போட முடியுமா? அவர் படித்துவிட்டுச் சிரித்தார். நான் தமாஷுக்குக் கேட்டேன் என்று நினைத்தார். பதினேழு வருடக் கல்யாணத்தில் நான் அதிகம் பேசிய சொல் அதுதான். டீ குடிக்கிறியா, ம். ஆதிரை வந்துட்டாளா, ம். கோவமா, ம். எதைக் கேட்டாலும் ஒரு ம்மை வச்சுக்கிட்டே குடும்பம் நடத்திருவே நீ, என்று இவர் சலித்துக்கொள்வார், ஆனால் எந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று இவருக்கு அத்துப்படி. மூன்று மாதமாக அதுவும் இல்லை. இவர் கேட்கிறார், நான் தலையாட்டுகிறேன், இவர் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ போடுவதால் பார்ப்பதில்லை, மறுபடியும் கேட்கிறார். பிறகு திரும்பிப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போகிறார். நோட்டில் எழுதலாம்தான். டீக்கு ஆமாம் என்று நோட்டில் எழுதிக் காட்டும் வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை.

நாற்பது. நாற்பத்தி ஒன்று. அந்தப் பஞ்சுதானோ காரணம் என்று மறுபடியும் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன், டாக்டரம்மா இல்லை என்றுவிட்டார், உங்களுக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து ரொம்ப வருஷமாவே இல்லை, அப்படிப்பட்ட பெண்களுக்குத் தொண்டையில் இந்தப் புற்று வரும், பஞ்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை என்றார். அறிவுக்குப் புரிகிறது. தொண்டைக்குப் புரியவில்லை. இலவம்பஞ்சு. கீழமாசி வீதிக்குப் பின்னால், அந்த எட்டுப் பேரில் ஒருவனான ரூபனின் மாமா மெத்தைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் கிட்டங்கி. உள்ளே போனால் நாலு பக்கமும் கூரை வரைக்கும் மூட்டை மூட்டையாகப் பஞ்சு, கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் ஒரு துளி வராது. ஸ்டூடியோவுக்கு நாம எங்க போறது, இதவிட நல்ல ஸ்டூடியோ மெட்ராஸ்லயே கிடையாது, என்றான் ரூபன். லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளுக்காக நாங்கள் வைத்திருந்த குழு என்பது மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு பாலிடெக்னிக் லேபில் கூடும் எட்டுப் பேர். நான் எம்.சி.ஏ. கடைசி வருடம். வாட்ச்மேன் சாவி கொண்டுவரும் வரைக்கும் வேப்பமரத்தடியில் நின்று உலகத்தை மாற்றிக்கொண்டிருப்போம். மென்பொருள் என்றால் எந்த வேலைக்கும் ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், இந்த நான்கும் இல்லை என்றால் அது நமக்கு வேண்டாம். இதை ரூபன் நான்கு விரலை மடக்கிச் சொல்வான். சும்மா கொடுத்தால்கூட வேண்டாம். இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி, ஒரு கல்யாண வீட்டில் இலவசமாகக் கொடுத்த பீடாவைக்கூட அவன் சந்தேகமாகப் பார்த்தான் என்று கேலி செய்வோம். ஆனால் பார்வையில்லாதவர்களுக்கு கம்ப்யூட்டர் திரையை வாசித்துக் காட்ட அப்போது தமிழில் சரியான குரல் இல்லை. இருந்த ஒன்றிரண்டு ஆகாயவிலை, அதுவும் பூட்டிய பெட்டி. நம்ம பண்ணுவோம் என்றான். குரல் வேணுமே என்றோம். எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டில் நானும் ஒருத்தி என்பதால் ஏழு பேர்.

ஒரு வழக்கம் இருந்தது எங்களுக்கு. எந்த வேலை தொடங்கினாலும் முதலில் அதன் உரிமத்தை உரக்கப் படிக்க வேண்டும். படிக்காமலே ஒப்புக்கொள்கிறேன்னு பட்டனை அமுக்கி அமுக்கித்தான் இந்த உலகமே அடிமையாப் போச்சு என்பான் ரூபன். அதனால் என் குரலில் முதல்முதலாகப் பதிவானது அந்த உரிமம்தான். திரும்பப் பெற இயலாது என்ற இடத்தில் நிறுத்தி, நல்லா யோசிச்சுக்க செம்பகம், என்றான். நான் யோசிக்கவில்லை. அந்த வயதில் திரும்பக் கேட்கிற மாதிரி ஒன்றைக் கொடுப்பதே கேவலம் என்றிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மூவாயிரம் வாக்கியம். அதிலும் பிடிவாதம். பேப்பர் செய்தி வேண்டாம், அது பேப்பர்காரனுக்குச் சொந்தம். கதைப் புத்தகம் வேண்டாம். நாட்டுடைமையான நூல்களிலிருந்து கொஞ்சம், மிச்சத்தை நாமே எழுதுவோம் என்றான். எழுதினோம். ரசத்துக்கு மிளகைத் தட்டிப் போடவும். சிம்மக்கல்லில் இறங்குபவர்கள் முன்னால் வரவும். உங்கள் மாமியார் ஊரில் இருக்கிறாரா. உணர்ச்சியே வேண்டாம், செய்தி வாசிக்கிற மாதிரி வாசி, அப்பத்தான் வெட்டி ஒட்ட முடியும், என்று ரூபன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பான். ஃபேன் போட்டால் பஞ்சு பறக்கும், நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும். எண்கள் வாசித்த அன்று ஒரு பிசிறு தொண்டைக்குள் போய்விட்டது. ஏழு சொல்லும்போது முழுங்கினேன். மறுபடி எடுப்போமா என்றேன். மாமா கிட்டங்கியைத் திறக்கச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், லாரி வந்து நின்றது, பரவாயில்லை விடு, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வோம் என்றான். குரலுக்கு 'பஞ்சு' என்று பெயர் வைத்தோம். பஞ்சு 0.1.

நாற்பத்தி, முழுங்கல், ஏழு. ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். இன்னும் பத்து. அந்த முழுங்கலை நாங்கள் 0.4 பதிப்பில் திருத்தினோம், ஒழுங்கான ஏழு ஒன்றைப் பதிவு செய்து ஒட்டினோம், எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரமே சிவகங்கையிலிருந்து ஒரு மின்னஞ்சல். பகவதியப்பன், அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர், பிறவியிலேயே பார்வை கிடையாது, அதுவரை எங்களுக்கு யாரென்றே தெரியாது. 'அக்கா, பழைய ஏழைத் திருப்பிக் கொடுங்கள். நாள் முழுக்க ஒரு மிஷின் எனக்குப் படித்துக் காட்டுகிறது. ஏழு வரும்போது மட்டும் அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது.' ரூபன் தலைகீழாக நின்றான், பிழையைப் போய் யாராவது கேட்பார்களா என்றான். பகவதியப்பன் சண்டை போடவில்லை. உரிமம் மாற்றலாம் என்கிறதே என்று எங்கள் பஞ்சை எடுத்து, பழைய ஏழைப் பொருத்தி, தானே தனிக் கிளையாக வெளியிட்டுவிட்டார். ஆறு மாதத்தில் அதைத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ரூபன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான், வெளியில் காட்டவில்லை. டவுன் பஸ்ஸில், லிஃப்டில், ஒரு கோயிலின் தரிசன வரிசையில் என்று எங்கே போனாலும் அந்த முழுங்கல் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஊரான் வீட்டு லிஃப்டுக்கெல்லாம் போய்ப் பேசுறா, நம்மகிட்ட வாயத் தொறக்குறாளா, என்று என் மாமியார் கேட்டது நியாயம்தான். சென்னையில் ஒரு கம்பெனி என் குரலைக் கேட்டுவிட்டு ஆள் அனுப்பியது. புதிதாகப் பதிவு செய்யலாம், நல்ல ஸ்டூடியோ, ஆனால் அதன் பிறகு குரல் அவர்களுடையது, வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது. மாட்டேன் என்று சொன்னபோது ரூபன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர்கள் வேறொரு பெண்ணை எடுத்தார்கள், அருமையான குரல், நானே கேட்டிருக்கிறேன். நாலு வருடத்தில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். அந்தக் குரலும் அதோடு போயிற்று. அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ. தொண்டை நன்றாக இருக்கட்டும் அவளுக்கு.

அப்படியே பெருமையாக முடிந்திருந்தால் ரூபனோடு ஆறு வருடமாகப் பேசாமல் இருந்திருக்க மாட்டேன். இவர் மின்சார ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டர். ஒருநாள் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தார். என்னங்க என்றேன். தன் போனை நீட்டினார். உங்கள் வீட்டு மின் இணைப்பு இன்று மாலை துண்டிக்கப்படும், தவிர்க்க எண் ஏழை அழுத்தவும். நான். செய்தி வாசிக்கிற மாதிரி, உணர்ச்சியே இல்லாமல், ஏழுக்கு முன்னால் முழுங்கிக்கொண்டு. மோசடிக்காரர்கள் ஊர் முழுக்க அடித்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு, இவர் ஆபீசுக்கு வந்து நின்று, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு மாதிரி பேசுச்சே சார், என்று அழுதிருக்கிறார். என்னால் அன்று சோற்றைத் தொட முடியவில்லை. ரூபனுக்குப் போன் போட்டேன். எடுத்துரு, நெட்ல இருந்து எடுத்துரு, எனக்கு வேணாம், என்றேன். எடுக்க முடியாது செம்பகம், நம்ம எடுத்தா பகவதி மாதிரி ஆளுங்ககிட்ட இருந்துதான் போகும், திருடன்கிட்ட இருந்து போகாது, எதுக்கு வேணா ஓட்டலாம்னா எதுக்கு வேணாதான், நாம நல்லவன் கெட்டவன் பார்த்துக் கதவு திறந்தா நாளைக்கு எவனோ ஒருத்தன் நம்மள நல்லவனா கெட்டவனான்னு பார்ப்பான், என்றான். சரியாகத்தான் சொன்னான். சரியாகச் சொன்னதுதான் எரிந்தது. அது என் தொண்டைடா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டானாடா அவன், என்று கத்தினேன். கேட்கத் தேவையில்லைன்னு நீதானே கையெழுத்துப் போட்ட, என்றான். இந்த ஒரு வாக்கியம். போனை வைத்தேன். அதற்கு முன்பே அவன் மேல் ஒரு கடுப்பு உண்டு. உரிமத்தின்படி மூலத்தையும் கொடுக்க வேண்டும், குரலுக்கு மூலம் வெட்டாத பதிவுதான் என்று சொல்லி, பதினோரு மணி நேர ஒலிப்பதிவை அப்படியே இணையத்தில் ஏற்றி வைத்தவன் அவன். வாக்கியத்துக்கு வாக்கியம் நடுவில் நான் இருமியது, கொட்டாவி விட்டது, ஃபேனைப் போட்டுத் தொலைடா என்று திட்டியது, கிட்டங்கிக்குள் எலி ஓடியபோது அலறியது, எல்லாம். வேறு எந்தக் கூட்டத்திலும் ஒருவன் இப்படிச் செய்ய மாட்டான். எனக்குக் கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எவன் கேட்பான் பதினோரு மணி நேரத்தை என்று சமாதானம் சொன்னான். ஆமாம், எவன் கேட்பான் என்று நானும் விட்டுவிட்டேன். அந்தக் குரலையே தண்ணி தெளிச்சு விட்டாச்சு, இனி எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

ஐம்பது. ஐம்பத்தி ஒன்றுக்கு யாரும் எழவில்லை, மறுபடி கூப்பிடுகிறேன், எழவில்லை, ஐம்பத்தி இரண்டு. இவ்வளவு சீக்கிரம் வேண்டாம். எனக்கென்ன கவலை, குரல்தான் இருக்கிறதே, போனில் போட்டுக்கொண்டு பேசலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன மாதம் பஞ்சைப் போனில் இறக்கி, யாரிடமும் எழுதிக் கேட்கவில்லை, யாரும் தடுக்கவில்லை, தட்டச்சு செய்து முதல் வாக்கியத்தை மகளுக்குப் பேசிக் காட்டினேன். ஆதிரை, சாப்பிட வா. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா, டவுன் பஸ்ல பேசுற மாதிரி இருக்கும்மா, வேணாம், நீ நோட்லயே எழுது, என்றாள். பதினைந்து வயது, மறைக்கத் தெரியாது. அவள் சொன்னது உண்மை. அந்தக் குரல் யாரையும் அதட்டாது. சிரிக்காது. ம் போடாது. மூவாயிரம் வாக்கியத்தில் ஒரு ம் எழுத எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ம் ஒரு வாக்கியம் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் நான் மிச்ச வாழ்க்கைக்கும் இந்தக் கூரையில் இருப்பவள்தான். என் சமையலறையில் நின்று டோக்கன் கூப்பிட வேண்டியதுதான். இதற்காகவா சாகத் துணிவாய் என்று கேட்டால், துணிய மாட்டேன். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். சாவதற்கும் பயம், இப்படி இருப்பதற்கும் பயம்.

போன் நடுங்குகிறது. ஒன்றுமில்லை, காலையில் வந்த மின்னஞ்சல் இன்னும் படிக்கப்படவில்லை என்று ஞாபகப்படுத்துகிறது. பகவதியப்பன். தலைப்பில் என் பெயர் மட்டும். வீட்டுக்காரர்தான் என் பழைய டைரியில் நம்பர் தேடி எடுத்து, எனக்குத் தெரியாமல் ரூபனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், ரூபன் பகவதியிடம் சொல்லியிருக்கிறான். ரூபன் பெங்களூரிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை, எடுத்து என்னத்தைப் பேச. பகவதியும் இனி ஆறுதல் சொல்வார், அதைப் படிக்கத் தெம்பு இல்லை என்றுதான் திறக்காமல் வைத்திருந்தேன். ஐம்பத்தி மூன்று. திறக்கிறேன். ஆறுதல் இல்லை. வெளியீட்டுக் குறிப்பு. எங்கள் குழுவின் பழைய அமைப்பிலேயே, மேலே பதிப்பு எண், கீழே மாற்றங்கள். 'பஞ்சு 2.0. இன்னும் வெளியிடப்படவில்லை. மூலப் பதிவு பதினோரு மணி நேரமும் மூன்று வாரமாகக் காதால் கேட்டுப் பிரிக்கப்பட்டது. புதிதாகச் சேர்ந்தவை: சிரிப்பு பதினான்கு, அதில் அடக்கிய சிரிப்பு இரண்டு. பெருமூச்சு ஒன்பது. ஐயோ ஆறு. எலிக்கு அலறியது ஒன்று. போடா இருபத்திரண்டு, எல்லாம் ரூபனைச் சொன்னவை. மகளுக்காக போடி ஆக்க முயன்றோம், இரண்டு மட்டும் தேறியது. ம் முப்பத்தொன்று: சரி என்பதற்கு, கேள்விக்கு, சந்தேகத்துக்கு, கோபத்துக்கு எனத் தனித்தனியாக வைத்திருக்கிறோம். தெரிந்த குறை: சிலவற்றில் ஃபேன் சத்தம். ஏழு அப்படியே இருக்கிறது, அது குறை அல்ல. வெட்டியது பகவதியப்பன். தைத்தது ரூபன்.' அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, இது ரூபனின் எழுத்து, எனக்குத் தெரியும்: 'உரிமத்தின்படி உன்னிடம் கேட்கத் தேவையில்லை. கேட்கிறோம். நீ சொல்கிற வரைக்கும் வெளியே விட மாட்டோம். உன் போனுக்கு மட்டும் இணைப்பு கீழே.'

எழுத்தெல்லாம் கலங்குகிறது. சேலைத் தலைப்பால் துடைக்கிறேன், போனை, பிறகு கண்ணை. எவன் கேட்பான் பதினோரு மணி நேரத்தை. ஒருத்தர் கேட்டிருக்கிறார், பள்ளிக்கூடம் விட்டு வந்து, மூன்று வாரம், என் இருமலையும் கொட்டாவியையும். நான் பீரோவுக்கு அடியில் படிவத்தை ஒளித்துவைத்திருந்த அதே மூன்று வாரம். அந்தப் பைத்தியக்காரன் ரூபன் அன்று வெட்டி எறிந்திருந்தால் இன்று என் சிரிப்பு இந்த உலகத்தில் எங்கேயும் இருந்திருக்காது. இதை அவனிடம் சொல்ல வேண்டும். திட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். இணைப்பை அழுத்துகிறேன். சுவர் ஓரத்தில் சிக்னல் இழுக்கிறது, பத்து சதவீதம், ஐம்பத்தி நான்கு, முப்பது சதவீதம், ஐம்பத்தி ஐந்து, அங்கேயே நிற்கிறது, எழுந்து ஜன்னலோரம் போய் நிற்கிறேன், என்ன என்று இவர் கண்ணால் கேட்கிறார், ஒன்றுமில்லை என்று கையாட்டுகிறேன். எழுபது. ஐம்பத்தி ஆறு. நூறு. திரையில் வரிசையாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள். ஹெட்போன் கொண்டுவரவில்லை, சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொடுகிறேன். போடா, என்கிறது காதுக்குள் ஒரு பெண். பின்னால் ஃபேன் ஓடுகிறது. இலவம்பஞ்சு வாசனை வந்ததாக எனக்குத் தோன்றியது பொய்யாக இருக்கலாம். நல்ல பெண். திமிர் பிடித்தவள். எதையும் திரும்பக் கேட்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அவள் பாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள், நான்தான் இத்தனை வருடம் அதற்காக அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறேன். வெளியே விடுங்கள். திருடனும் எடுப்பான், எடுத்துவிட்டுப் போகட்டும். போடா மட்டும் இன்னும் நாலு சேர்த்து ரூபனுக்குத் தனியாக அனுப்பவும்.

டோக்கன் எண் ஐம்பத்தி, என்று சொல்லி, முழுங்கி, ஏழு, என்கிறேன் கூரையிலிருந்து. வருகிறேன் தாயி. இவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார், செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, புதுசு வாங்கச் சொல்ல வேண்டும். நாலாம் அறையில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னம்மா, முடிவு பண்ணிட்டீங்களா, இன்னிக்கும் யோசிக்கிறோம்னா நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, என்றார். வழக்கம்போல எனக்காகப் பதில் சொல்ல இவர் தொண்டையைச் செருமினார். நான் போனை மேசை மேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, சரி என்பதற்கு என்று எழுதியிருந்த பொத்தானைத் தொட்டேன். ம். டாக்டரம்மா அது எங்கிருந்து வந்தது என்று கவனிக்கவில்லை. நல்லது, வியாழக்கிழமை அட்மிட் ஆயிருங்க, என்று குனிந்து எழுத ஆரம்பித்தார். இவர்தான் திரும்பினார். என் வாயைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். இந்த மனிதர் தன் அப்பா செத்தபோதுகூடக் கலங்காமல் நின்று எல்லா வேலையும் பார்த்தவர். முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல், ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அந்த அறையில், டாக்டருக்கு முன்னால், ரொம்ப மெதுவாக, டீ குடிக்கிறியா, என்று கேட்டார். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் முதலில் பொத்தானைத் தொட்டேன், பிறகு இவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, படிவத்தின் காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.